விளையாட்டுப் பெட்டியின் விலையும் சிலிக்கான் சில்லும்

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலை நதிக்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்திற்கும் ரசபாளை என்னும் வாழைப்பழத்திற்கும் பேர்போன ஊராகும். இவ்வூரின் தொழிற்பேட்டையில், வழிப்போக்கரின் கண்ணுக்கு யாதொரு புதுமையும் தோன்றாத ஆலையொன்றில், அச்சுச் சுற்றுப் பலகைகள் உற்பத்தியாகின்றன. கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து அழுத்திய தகட்டின்மீது செம்புப் படலத்தைப் பதித்து, வேண்டாத செம்பை அமிலத்தால் அரித்து நீக்கி, எஞ்சும் கோடுகளை மின்சாரம் செல்லும் பாதைகளாகக் கொள்வதே இப்பலகையின் தத்துவம். தொழிலாளர் இதனைப் ‘போர்டு’ என்றே வழங்குவர். இந்தால் கம்பெனியின் வசமிருந்த இவ்வாலையை ஆஸ்திரியா தேசத்து ஏ.டி. அண்டு எஸ். நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வாங்கியது.

பலகை இங்கே உற்பத்தியாகிறது. அதன்மீது அமரும் செயலிச் சில்லோ பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. பலகையின் விலை சொற்பம். சில்லின் விலை அதிகம். விரல்நகத்தை விடச் சற்றே பெரிய ஒரு சிலிக்கான் துண்டு, ஒரு முழுச் சாதனத்தின் விலையை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு, வீடியோ விளையாட்டுப் பெட்டியைப்போல் தெளிவான உதாரணம் வேறில்லை. கன்சோல் எனப்படும் இப்பெட்டி, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே அமைந்த கணிப்பொறியாகும். ஒரே அமைப்புடைய பெட்டி ஆறேழு ஆண்டுகள்வரை மாற்றமின்றிக் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. அதன் விலையும் உலகறிய அறிவிக்கப்படுகிறது. ஆதலின் வரவு செலவை ஏறக்குறையப் புறத்தே நின்றே கணக்கிட்டுவிடலாம்.

சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 5 என்னும் பெட்டி 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. 2022 நவம்பரில் அதன் விலை 54,990 ரூபாயாக உயர்ந்தது. இது முன்னாள் வழக்கத்திற்கு நேர்மாறானது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. அன்று விலையை இறக்கியது எது, இன்று இறங்கவொட்டாமல் தடுப்பது எது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மைசூர்ப்பாகும் சிலிக்கான் தட்டும்

நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையலறையில் காகாசுர மாதப்பா என்பவரால் முதன்முதலாகச் செய்யப்பட்டது என்று வழங்கும் மைசூர்ப்பாகு, இதனை விளக்கப் பெரிதும் உதவும். கொதிக்கும் பாகை ஒரு வட்டத் தாம்பாளத்தில் ஊற்றிச் சதுரத் துண்டுகளாக வெட்டுவதாகக் கொள்க. தாம்பாளத்தின் விளிம்பில் வரும் அரைகுறைத் துண்டுகள் விற்பனைக்கு உதவா. துண்டு பெரிதாகப் பெரிதாக விளிம்பில் வீணாவதும் மிகும். மேலும், பாகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கற்கள் விழுந்துவிட்டன என்றும், கல் உள்ள துண்டைத் தூக்கியெறிய வேண்டும் என்றும் கொள்க. துண்டுகள் சிறியவையாயின் ஒரு கல்லால் ஒரு சிறு துண்டே கெடும். பெரியவையாயின் அதே கல் ஒரு பெருந்துண்டையே கெடுத்துவிடும்.

சில்லு ஆலையிலும் இதுவே நிகழ்கிறது. தாம்பாளத்தின் இடத்தில் இருப்பது 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூய சிலிக்கான் வட்டத்தட்டு. கல்லின் இடத்தில் இருப்பது கண்ணுக்குப் புலப்படாத தூசியோ படிகக் குறையோ ஆகும். ஒரு தட்டைப் பதப்படுத்தி முடிக்க ஆகும் செலவு, அதில் எத்தனை சில்லுகள் உள்ளன என்பதைப் பொறுத்ததன்று. தட்டு முழுவதற்கும் ஒரே செலவுதான். ஆகவே ஒரு தட்டிலிருந்து எத்தனை நல்ல சில்லுகள் தேறுகின்றன என்பதே விலைக்கு அடிப்படை.

எளிய எண்களைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். இவை விளக்கத்தின்பொருட்டுக் கொள்ளப்பட்டவையே. ஒரு தட்டின் செலவு 4 லட்சம் ரூபாய் என்றும், 5 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு குறை வீதம் உள்ளது என்றும் வைத்துக்கொள்க. 1 சதுர செ.மீ. பரப்புள்ள சில்லானால், 30 செ.மீ. வட்டத்தில் 648 முழுச் சதுரங்கள் அடங்கும். ஒரு சதுரத்தில் குறை ஏதும் விழாதிருக்க வாய்ப்பு நூற்றுக்கு 82. தேறுபவை சுமார் 530. ஒன்றின் விலை ஏறத்தாழ 755 ரூபாய். 4 சதுர செ.மீ. பரப்புள்ள சில்லானால், வட்டத்தில் அடங்குபவை 148. குறையற்றிருக்க வாய்ப்பு நூற்றுக்கு 45 ஆகச் சுருங்குகிறது, தேறுபவை 66, ஒன்றின் விலை 6,060 ரூபாய். பரப்பு நான்கு மடங்கு. விலையோ எட்டு மடங்கு. சில்லுத் தொழிலின் பொருளாதாரத்தில் இந்த ஒரு கணக்கை அறிந்தவர், மற்றவற்றில் பாதியை அறிந்தவராவார்.

குறையுள்ள சில்லை முற்றிலும் எறியாமல் காப்பாற்றும் உபாயமும் உண்டு. பிளேஸ்டேஷன் 3-இன் ‘செல்’ என்னும் செயலியில் எட்டுத் துணைக் கருக்கள் பொறிக்கப்பட்டன. ஆயினும் பெட்டி ஏழை மட்டுமே உபயோகித்தது. எட்டில் ஏதேனும் ஒன்று பழுதாயிருப்பினும் சில்லு விற்பனைக்கு ஏற்றதே என்பது இதன் நோக்கம். பிளேஸ்டேஷன் 5-இன் சில்லிலும் 40 வரைகலைப் பகுதிகள் பொறிக்கப்பட்டு, 36 மட்டுமே இயக்கப்படுகின்றன. மேற்சொன்ன கணக்கில் பழுதான 82 சில்லுகளில் பாதியை இங்ஙனம் மீட்கலாமாயின், ஒன்றின் விலை 6,060 ரூபாயிலிருந்து சுமார் 3,740 ரூபாயாகக் குறையும். சில்லில் சில பகுதிகளை வேண்டுமென்றே வாளாவிருக்கச் செய்வது விரயம் என்று தோன்றலாம். உண்மையில் அதுவே சிக்கனம்.

சில்லை வாங்குவதும் வரைபடத்தை வாங்குவதும்

செயலியின் விலை சாமானியர் கைக்கு எட்டியது 1975-இல் ஆகும். அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி என்னும் சிறு கம்பெனி 6502 என்ற செயலியை 25 டாலருக்கு விற்க முன்வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த இன்டெல் 8080-இன் அறிவிப்பு விலை 360 டாலர். சில்லைச் சிறிதாக வரைந்ததும், அச்சுப் பதிக்கும் மறைப்புத் தகட்டின் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் முறையைக் கையாண்டதும் இதனைச் சாத்தியமாக்கின. பொருட்காட்சியில் கண்ணாடி ஜாடி நிறையச் சில்லுகளை வைத்து விற்றனர். ஜாடியின் அடியில் கிடந்தவற்றில் பல பழுதானவை என்பதும், சரக்கு ஏராளமாக உள்ளது எனக் காட்டவே அவை நிரப்பப்பட்டன என்பதும் பின்னாளில் வெளியாயின.

இதே 6502-இன் அமைப்பைத் தழுவிய சில்லே 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளிவந்த நின்டெண்டோ ஃபாமிகாம் பெட்டியில் இடம்பெற்றது. ஒரு சில்லுக்கு 2,000 யென்னுக்கு மேல் தர இயலாது என்று நின்டெண்டோ கூறியபோது, ரிக்கோ கம்பெனியார் அவ்விலை கட்டாது என்றனர். இரண்டு ஆண்டுகளில் 30 லட்சம் சில்லுகளை வாங்கிக்கொள்வதாக நின்டெண்டோ உறுதி கூறிய பின்னரே பேரம் படிந்தது. அக்காலத்தில் அது துணிச்சலான எண்ணிக்கையே. வரைபடம், மறைப்புத் தகடு, சோதனை ஆகியவற்றின் நிலைச்செலவு, எண்ணிக்கை பெருகும்தோறும் ஒவ்வொரு சில்லின் தலையிலும் சிறிதாகிக்கொண்டே போகும் என்பதை ரிக்கோ உணர்ந்தது.

சில்லை வாங்குவது வேறு. சில்லின் வரைபடத்தின் மீது உரிமை பெறுவது வேறு. இவ்வேற்றுமையை மைக்ரோசாப்ட் கம்பெனி பொருள் இழந்தே கற்றது. 2001 நவம்பரில் 299 டாலருக்கு வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் இன்டெல்லின் பென்டியம் III செயலியும் என்விடியாவின் வரைகலைச் சில்லும் இருந்தன. இரண்டும் அவற்றைச் செய்தவர்களின் உடைமை. பெட்டியின் விலையைப் போட்டியின் காரணமாக இறக்க நேர்ந்தபோது, சில்லின் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை. 2002-இல் என்விடியாவுடன் எழுந்த விலைத் தகராறு மத்தியஸ்தத்துக்குச் சென்று, 2003 பிப்ரவரியில் தீர்ந்தது. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் நிலைமை மாறியது. ஐ.பி.எம். மற்றும் ஏ.டி.ஐ. நிறுவனங்கள் வரைந்து கொடுத்தன. வேண்டிய ஆலையில் செய்வித்துக்கொள்ளும் உரிமையை மைக்ரோசாப்ட் பெற்றது. 2010-இல் இரண்டு சில்லுகளையும் ஒரே சில்லாக இணைத்துச் செலவைக் குறைக்கவும் அதனால் இயன்றது.

சோனி மூன்றாவது வழியை மேற்கொண்டது. தோஷிபா, ஐ.பி.எம். ஆகியவற்றுடன் கூடி ‘செல்’ செயலியைப் புதிதாகவே படைத்தது. முதலில் அச்சில்லின் பரப்பு சுமார் 235 சதுர மில்லிமீட்டர். 2006 நவம்பரில் அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3-இன் பாகங்களுக்கும் கோப்புக்கும் ஆகும் செலவு சுமார் 840 டாலர் என்று ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு அடைந்த நஷ்டம் 23,230 கோடி யென். பெட்டியில் இழந்ததை விளையாட்டுத் தட்டுகளின் விற்பனையில் மீட்பது இத்தொழிலின் மரபே; ஆயினும் இவ்வளவு பெரிய குழியைத் தட்டுகளைக் கொண்டு நிரப்பப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இதன் பிறகு சோனியும் மைக்ரோசாப்டும் ஒரே வாயிலில் வந்து நின்றன. 2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிற்கும் செயலியை வரைந்தது ஏ.எம்.டி. கம்பெனியே, செய்து கொடுத்தது தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலை. 399 டாலர் விலையுள்ள பிளேஸ்டேஷன் 4-க்கு ஆன செலவு சுமார் 381 டாலர் என்றும், அதில் செயலியின் பங்கு சுமார் 100 டாலர் என்றும் ஐ.எச்.எஸ். நிறுவனம் மதிப்பிட்டது. ஏ.எம்.டி. குறைந்த லாபத்தை ஏற்கச் சம்மதித்தது; நிச்சயமான, நீண்டகால வியாபாரம் அதற்கு அப்பொழுது அவசியமாயிருந்தது. அடுத்த பிளேஸ்டேஷனுக்கான செயலி ஒப்பந்தத்தை 2022-இல் இன்டெல் நழுவவிட்டது என்றும், ஒரு சில்லுக்கு எவ்வளவு லாபம் என்ற பேச்சில் ஒற்றுமை ஏற்படாததே காரணம் என்றும் ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்டது.

விலை இறங்காத காலம்

பிளேஸ்டேஷன் 2-இல் தொடக்கத்தில் இருந்த இரு முக்கியச் சில்லுகளின் பரப்பு மொத்தம் சுமார் 520 சதுர மில்லிமீட்டர். 2003-இல் இரண்டும் ஒன்றாக இணைந்து 86 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கின. ஆறில் ஒரு பங்கு! 99 டாலர் விலையின் இரகசியம் பெரிதும் இதுவே. நுண்கோடுகளை இன்னும் நுண்ணியதாகப் பொறிக்கும் ஒவ்வொரு புதிய முறையும் அதே சில்லைப் பாதிப் பரப்பில் அடக்க உதவியது. தட்டின் செலவோ அவ்வளவாக ஏறவில்லை. முன் கண்ட கணக்கில் 4 சதுர செ.மீ. சில்லு 2 ஆகச் சுருங்கினால், தேறுபவை 206 ஆகி, விலை 6,060-இலிருந்து 1,940 ரூபாயாகிவிடும்.

இன்று இவ்விரு அனுகூலங்களும் தளர்ந்துவிட்டன. மிக நுண்ணிய கோடுகளைப் பொறிக்கும் அதி புற ஊதாக்கதிர் யந்திரத்தை உலகில் செய்வது ஹாலந்து தேசத்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றே. அதன் விலையும், பொறிக்கும் படிகளின் எண்ணிக்கையும் தட்டின் செலவை உயர்த்துகின்றன. சில்லினுள்ளே நினைவகத்திற்கும் வெளித்தொடர்பிற்கும் உரிய பகுதிகள் முன்போல் சுருங்குவதும் இல்லை. கணக்கில் தட்டின் செலவை 8 லட்சமாக்கி, பரப்பை 4-இலிருந்து 3 சதுர செ.மீ. ஆக மட்டும் குறைத்துப் பார்க்கலாம். 208 சதுரங்களில் 114 தேறும். ஒன்றின் விலை 7,020 ரூபாய். சில்லு சிறுத்தது, விலை ஏறிவிட்டது. பிளேஸ்டேஷன் 5-இன் சில்லு பின்னர் சற்றுச் சுருக்கப்பட்டபோதிலும், அமெரிக்காவிலேயே அப்பெட்டியின் விலை 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. அங்கு அவ்வாண்டு விதிக்கப்பட்ட இறக்குமதி வரிகளும் இதில் சேரும். அவ்வாண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறியது. இந்திய வாடிக்கையாளருக்கு இவற்றோடு நாணய மாற்று விகிதமும் வரியும் சேரும். விளையாட்டுப் பெட்டிகளின் மீதான சரக்கு சேவை வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க, வரிக் கவுன்சில் 2018 டிசம்பர் 22-இல் தீர்மானித்தது ஒரு சிறு ஆறுதல்.

கர்நாடகத்தின் அனுபவம்

விளையாட்டுப் பெட்டி ஏறினால் ஏறட்டும், அது குழந்தைகளின் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணலாகாது. இதே கணக்கு கிராமத்திற்கென்று செய்யப்பட்ட சாதனத்தையும் தாக்கியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கையடக்கக் கணிப்பொறியின் மாதிரி 2001 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவரும் கையாளத்தக்க அக்கருவியை சுமார் 9,000 ரூபாய்க்குத் தருவது நோக்கம். அதன் செயலி இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 2004-இல் அது சந்தைக்கு வந்தபோது, மிக எளிய வகையின் விலையே 9,950 ரூபாய். வண்ணத்திரை உள்ளது அதன் இரு மடங்கு. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. ரிக்கோவிடம் நின்டெண்டோ வைத்த 30 லட்சம் என்ற எண் இங்கே யாரிடமும் இருக்கவில்லை. தட்டு விற்பனையில் நஷ்டத்தை ஈடுகட்டும் வழியும் கிராமக் கருவிக்கு இல்லை. அரசாங்கம் மொத்தமாக வாங்கியிருந்தால் கதை வேறாயிருக்கும் என்று கருதுவோர் உளர், அக்கருத்து ஒதுக்கத்தக்கதன்று.

சொந்தச் சில்லு ஆலை நாட்டிற்குப் புதியதும் அன்று. மொஹாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்து அதனைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனம் தைவானின் பி.எஸ்.எம்.சி. துணையுடன் அமைக்கும் ஆலைக்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. அது செய்யவிருப்பவை 28 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்ட பழைய முறைகளும் ஆகும். புதிய விளையாட்டுப் பெட்டியின் செயலி அதில் உருவாகாது. வாகனம், மின்மானி போன்றவற்றின் சில்லுகளுக்கு அது போதுமானது. வரைதல் துறையிலோ கர்நாடகம் முன்னரே இடம்பெற்றுள்ளது. ஏ.எம்.டி. தன் மிகப் பெரிய வரைவு நிலையத்தை 2023 நவம்பரில் பெங்களூரில் திறந்தது.

மைசூருக்கு நேர்த்தொடர்புள்ளது வேறொரு படி. வெட்டியெடுத்த சில்லை அடித்தளத்தில் பொருத்தி, நுண்ணிணைப்புகளைச் செய்து, மூடிச் சோதிக்கும் வேலை அது. இதில் சிக்கனம் செய்தால் விளைவது யாது என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 சான்று. பெட்டி சூடேறியும் குளிர்ந்தும் வந்ததால் சில்லின் அடியிலிருந்த நுண்ணிணைப்புகள் முறிந்து பெட்டிகள் செயலிழந்தன. பழுது பார்க்க 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1988 முதல் இயங்கும் கெய்ன்ஸ் நிறுவனம், குஜராத்தின் சானந்தில் இவ்வேலைக்கென ஏறத்தாழ 3,300 கோடி ரூபாயில் ஆலை அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. நஞ்சன்கூட்டுப் பலகையாலையின் தாய் நிறுவனமும் மலேசியாவிலுள்ள தன் ஆலையில் ஏ.எம்.டி.யின் தரவு நிலையச் செயலிகளுக்கு அடித்தளத் தகடுகளைச் செய்கிறது.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

மேற்கண்ட கணக்கை மாணவர்க்குச் செய்துகாட்டச் செலவு ஏதுமில்லை. ஒரு பெரிய தாளில் 15 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைக. மெய்யான சிலிக்கான் தட்டின் அளவும் இதுவே. மையத்தின் வழியே குறுக்கும் நெடுக்கும் இரு கோடுகள் இட்டு, அவற்றிலிருந்து 2 செ.மீ. இடைவெளியில் கட்டங்கள் வரைந்தால் 148 முழுக் கட்டங்கள் கிடைக்கும். தாளை ஒரு விளிம்புள்ள முறத்திலோ தட்டிலோ வைத்து, வட்டத்தினுள் சுமார் 140 கடுகுகள் விழுமாறு ஓரடி உயரத்திலிருந்து தூவுக. கடுகு விழாத கட்டங்களை எண்ணுக. பின்னர் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்து மீண்டும் எண்ணுக. கடுகு ஓடாமலிருக்கத் தாளில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்வது நலம்.

பெரிய கட்டங்களில் சுத்தமாக எஞ்சுபவை ஒவ்வொரு தடவையும் சரியாக 66 ஆக இரா. சில தடவை 75 அல்லது அதற்கு மேலும் வரக்கூடும். தூவும் கை ஒருபுறம் சாய்ந்து கடுகு திரளாக விழுந்தால், ஒரே கட்டத்தில் பல கடுகுகள் கூடி மற்றக் கட்டங்கள் தப்பிவிடுவதே இதன் காரணம். மெய்யான தட்டுகளிலும் குறைகள் இவ்வாறே திரண்டு விழுவதுண்டு. அதனால் ஆலையில் தேறும் சில்லுகள், சூத்திரம் சொல்வதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.